பட்டறையில் உரசாத சக்கரம்

என் பட்டறைத் தரையில் உரசாத சக்கரம், ஒரு சுவர் தள்ளி என் தம்பியின் முற்றத்தில் மட்டும் ஏன் உரசுகிறது என்பது ஒரு வருடம் முழுக்க எனக்குப் பிடிபடவே இல்லை. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும் ஐயா.

நீங்கள் கேட்பது வேறு என்று தெரியும். என் தம்பி வண்டிக்கு அடியில் எப்படி வந்தான், வண்டியை ஓட்டிய மாப்பிள்ளை என்ன வேகத்தில் வந்தார், இதுதான் உங்கள் கேள்வி. மாப்பிள்ளை என்றால் தம்பி மகளின் கணவர். மூன்று நாளாக அவரை இங்கே வைத்திருக்கிறீர்கள். வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டி வரும் என்று என் தம்பி மகள் அழுகிறாள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு முதலில் உங்களுக்குச் சக்கரம் புரிய வேண்டும். ஒரு தாளும் பென்சிலும் கிடைத்தால் நல்லது. எழுதிக்கொள்கிறவரையும் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். வாகனப் பரிசோதகர் அவசரத்தில் எழுதியதால்தான் அறிக்கையில் இரண்டு தவறுகள் வந்துவிட்டன.

தம்பியுடையது டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற நாலு சக்கர வண்டி. பின்சக்கரம் இரண்டும் நேராகத்தான் ஓடும். முன்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன. அந்த அச்சு, பெட்டிக்கு அடியில் ஒரு வட்டத் தட்டோடு சேர்ந்து இடமும் வலமும் திரும்பும். எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, இடுப்பை இடது பக்கம் திருப்பிப் பாருங்கள். வேண்டாமென்றால் உட்கார்ந்தபடியே பாருங்கள். இடது கை பின்னால் போகிறது, வலது கை முன்னால் வருகிறது. வண்டியும் அப்படித்தான். இடது சக்கரம் பின்னால் போகும்போது அதன் பின்விளிம்பு பெட்டிக்கு அடியில் நுழையப் பார்க்கும். சக்கரம் உயரமாக இருந்தால் பெட்டியின் அடிச்சட்டத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்தால் டயர்தான் கிழியும்.

தம்பியின் முற்றம் குறுகல். வாசல் கதவில் நுழைந்தால் எதிரே சுவர், இடது கைப் பக்கம் தானியக் கிடங்கு. இடது பக்கம் ஒடித்துத் திருப்பினால்தான் கிடங்கு வாசலுக்கு வண்டி போய்ச் சேரும். பாரம் ஏற்றி வந்தால் பாதித் திருப்பத்திலேயே சக்கரம் முட்டிக்கொள்ளும். அப்போது ஓட்டுகிறவர் கொஞ்சம் பின்னால் எடுக்க வேண்டும். இன்னொருவர் வண்டியின் இடது முன்மூலையில் நின்று, கடப்பாரையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்பித் தள்ள வேண்டும். இப்படி மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடினால் வண்டி நேராகும். தனியாளால் ஆகாத வேலை. அந்த இன்னொருவர் பதினோரு வருடமாக நான்தான்.

தம்பி டிராக்டரில் இருந்தபடியே ஹாரனை இரண்டு தடவை அடிப்பான். என் பட்டறைக்கும் அவன் முற்றத்துக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. நான் கடப்பாரையோடு அந்தக் கதவு வழியாகப் போவேன். வண்டிக்கு அவன் மகாராணி என்று பெயர் வைத்திருந்தான்.

"மகாராணி திரும்ப மாட்டேங்கிறா அண்ணே. வந்து ஒரு கும்பிடு போடு, உனக்குத்தான் இறங்கி வருவா" என்பான்.

"உன்ன மாதிரி ஓட்டுனா யார்தான் திரும்புவா" என்பேன் நான்.

வேலை முடிந்ததும் அவன் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக டீயை நீட்டுவாள். "ஊருக்கெல்லாம் சக்கரம் மாட்டுற மனுஷர், வீட்டு வண்டிய மட்டும் கடப்பாரையால குத்திக்கிட்டே இருக்காரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். தம்பி சிரிப்பான். டிராக்டரின் சக்கர மறைப்பில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் டீ குடிப்போம். பிறகு நான் பட்டறைக்குத் திரும்பிவிடுவேன்.

என் பட்டறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்குக் குறைவில்லை. சக்கரத்தைக் கொண்டுவந்து சாத்திவிட்டு, "எப்ப வரட்டும்" என்பார்கள். "நாளைக்கு" என்பேன். மறுநாள் வந்து, "ஆச்சா" என்பார்கள். "ஆச்சு" என்பேன். பின்னால் ஓர் அறையில் நான் இருக்கிறேன். அங்கே நாற்காலி இரண்டு உண்டு. ஒன்றின் மேல் வெல்டிங் கம்பிப் பெட்டி இருக்கிறது. அதை இறக்கி வைக்கத் தேவை வந்ததில்லை.

இனி அந்தப் புதிர். முதல் வருடம், இந்தத் தொல்லையை ஒழித்துவிடலாம் என்று வண்டியைப் பாரத்தோடு பட்டறைக்கு வரச் சொன்னேன். அதே மூட்டைகள், அதே டிராக்டர். இடது பக்கம் முழுக்க ஒடித்தோம். சக்கரம் உரசவில்லை. சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் என் விரல் ஒன்று தாராளமாகப் போனது. முற்றத்துக்குப் போனால் முட்டுகிறது. டயரில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஓட்டினேன். முற்றத்தில் சட்டம் வெள்ளையானது, பட்டறையில் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினேன். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். மகாராணிக்கு மாமியார் வீடு பிடிக்கவில்லை போல என்று தம்பி சொன்னான்.

ஒரு நாள் அவன் மனைவி முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழுக்க கிடங்குப் பக்கம், சுவரோரச் சாக்கடைக்கு ஓடியது. ரசமட்டத்தை எடுத்துப் போய் வைத்தேன். முற்றம் அந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு, தண்ணீருக்கு மட்டும் தெரியும். பாரம் அந்தப் பக்கம் சாய, அங்கே இருக்கிற ஸ்பிரிங் கூடுதலாக அமுங்க, பெட்டி இரண்டு விரல் கீழே இறங்கிவிடுகிறது. என் பட்டறைத் தரை சமம். அதனால் அங்கே உரசவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்துவிட்டால் அதன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விடும்.

காரணம் தெரிந்துவிட்டது, பரிகாரம் செய்தீர்களா என்று கேட்பீர்கள். செய்யவில்லை. காரணம் தெரிந்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. "இன்னும் பிடிபடல" என்றேன். அடுத்த பத்து வருடமும் அதையே சொன்னேன். வாரத்துக்கு நாலைந்து தடவை ஹாரன் கேட்டது.

போன வருடம் தம்பி மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை இங்கேயே வந்து விவசாயத்தைப் பார்த்துக்கொண்டார். நல்லவர். அதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார். வந்த மூன்றாம் மாதம் என்னிடம் பட்டறைக்கே வந்தார்.

"பெரிய மாமா, இந்த வயசுல கடப்பாரையத் தூக்கிக்கிட்டு ஓடி வரீங்க, பாக்கவே சங்கடமா இருக்கு. வண்டிய ஒரேயடியா சரி பண்ணிட்டா உங்களுக்கு இந்த அலைச்சல் மிச்சம்ல?"

"எனக்கென்ன அலைச்சல், சுவரைத் தாண்டினா உங்க வீடு" என்றேன்.

"இல்ல மாமா, மத்த வீட்டுலயெல்லாம் முன்சக்கரத்தச் சின்னதா போட்டிருக்காங்க. எந்தப் பக்கம் வேணா ஒடியுது. ஒரு ஆளே போதும். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டார். முடியாது என்று சொன்னால் வேறு பட்டறைக்குப் போவார்கள். "ஒரு மாசம் குடுங்க" என்றேன்.

சக்கரம் உரசாமல் இருக்க நாலு வழி உண்டு. பெட்டியை உயர்த்தலாம், பாரமும் உயரும், மேடு பள்ளத்தில் ஆடும். பெட்டியின் அகலத்தைக் குறைக்கலாம், மூட்டை குறையும். அச்சை நீட்டிச் சக்கரத்தை வெளியே தள்ளலாம். பேரிங் ஒரு வருடம் தாங்காது. நாலாவது, முன்சக்கரத்தைச் சின்னதாக்கிப் பெட்டிக்கு அடியிலேயே புகுந்து போக விடுவது. அதைத்தான் செய்தேன். ரிம்மை அறுத்து, விட்டத்தைக் குறைத்து, மறுபடி வளைத்துப் பற்றவைத்தேன். சக்கரம் சின்னதானால் வண்டி முன்பக்கம் மூக்கைக் குத்தும், அதனால் தட்டுக்கு மேலே கனமான கட்டை கொடுத்து மட்டத்தைச் சரிசெய்தேன். ஒரு மில்லிமீட்டர் கோணல் கிடையாது. "சீரிய வேலைப்பாடு" என்று பரிசோதகரே எழுதியிருக்கிறார். அந்த வரி சரியான வரி.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். சக்கரம் முட்டாமல் அடியில் புகுந்து போகிறது என்றால், அச்சு எவ்வளவு தூரம் திரும்பும்? எவ்வளவு வேண்டுமானாலும். அச்சை டிராக்டரோடு இணைக்கிற இழுகம்பி வண்டிக்குக் குறுக்கே வருகிற வரைக்கும் திரும்பும். அப்படித் திரும்பும்போது முன்சக்கரங்கள் எங்கே நிற்கின்றன பாருங்கள், இதோ வரைகிறேன். இரண்டு மூலைகளிலும் இருந்த சக்கரங்கள் இரண்டும் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டன. மூலைகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை. நாலு கால் மேஜை மூன்று கால் முக்காலியாகிவிட்டது. முக்காலியில் கால் இல்லாத பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலி வண்டி சாயாது. பாதிப் பாரமும் சாயாது. நிறைபாரம், அதோடு தரையில் கொஞ்சம் சரிவும் இருந்தால் சாயும். சரிந்த பக்கம்தான் சாயும்.

இதற்காகத்தான் சின்னச் சக்கரம் போடுகிற எந்தப் பட்டறைக்காரனும் தட்டின் ஓரத்தில் ஸ்டாப்பர் வைப்பான். ஒரு தடுப்பு. அச்சு குறிப்பிட்ட கோணம் வந்ததும் அதில் இடித்து நிற்கும். மகாராணியில் அது இல்லை. பரிசோதகர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பழுது பார்த்தவரின் மறதியால் தடுப்பு பொருத்தப்படவில்லை. ஓட்டுநர் வேகமாகத் திருப்பியதால் வண்டி கவிழ்ந்தது" என்று எழுதியிருக்கிறார். இரண்டு தவறு என்றேன் அல்லவா, இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஒவ்வொன்று இருக்கிறது.

முதலில் வேகம். வேகமாக இடது பக்கம் திரும்புகிற வண்டி வலது பக்கம்தான் விழும். பேருந்து இடது பக்கம் திரும்பும்போது நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் தம்பி மேல் விழுந்த வண்டி இடது பக்கம் விழுந்திருக்கிறது, திரும்பிய பக்கமே. மெதுவாக வந்தால் மட்டும்தான் அப்படி விழும். மாப்பிள்ளை நடைவேகத்தில் வந்தார். உங்களிடம் முதல் நாள், "வேகமாத்தான் வந்தார்" என்று சாட்சி சொன்னது நான். அது பொய். அவர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் டிராக்டர் ஓட்ட வேறு ஆள் கிடையாது, என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்தது மறதி. பட்டறையில் நான் எதையும் மறந்ததில்லை. ஸ்டாப்பர் வைக்காமல் விட்டால் எப்போது சாயும் என்று கணக்குப் பார்க்க நான் மரத்தில் ஒரு சின்ன வண்டி செய்தேன். உள்ளங்கையில் அடங்கும். பலகையை முற்றத்தின் அளவுக்குச் சரித்து வைத்து, மூட்டைக்குப் பதில் ஆணிகளை அடுக்கினேன். பத்து ஆணி, இருபது ஆணி, ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தைந்தில் வால் தூக்கியது. நாற்பதில் மெதுவாக, யாரோ படுக்கப் போகிற மாதிரி, இடது பக்கம் சாய்ந்தது. பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. மகாராணி கொள்கிற மூட்டை நாற்பது. அது நிறைகிறது அறுவடைக்கு மட்டும்தான். அதுவரைக்கும் வண்டி ஒழுங்காக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு மாதம் கழித்து வண்டியைக் காட்டினேன். எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை காலி வண்டியை ஓட்டினார். பாதி ஒடித்துவிட்டு நிறுத்தப் பார்த்தார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை, முழுசா ஒடிங்க. இப்படித்தான் எப்பவும் ஒடிக்கணும், டயருக்கும் நல்லது" என்றேன்.

டயருக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. முழுதாக ஒடிக்கிற பழக்கம் அவருக்கு வர வேண்டியிருந்தது. அந்த முற்றத்துக்கு அவ்வளவு ஒடிப்பு தேவையே இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று கிடங்கு வாசலுக்கு நேராக நின்றது. தம்பி மகள் கைதட்டினாள்.

"பாருடா, மகாராணி நாட்டியமே ஆடறா" என்றான் தம்பி. "அண்ணே, பதினோரு வருஷமா பிடிபடல பிடிபடலன்னியே. ஒரு மாசத்துல முடிச்சுட்ட. மாப்பிள்ளை சொன்னாத்தான் உனக்கு மூளை வேலை செய்யுமா?"

"இனிமே உங்களுக்கு ஓய்வு மாமா" என்றாள் தம்பி மனைவி. "கடப்பாரையப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஹாரன் கேட்கவில்லை. உரம் வந்தது, விறகு வந்தது, காலிச் சாக்குகள் வந்தன. எல்லாம் ஒற்றை ஆளாக, ஒரே திருப்பத்தில் உள்ளே போயின. என் சாணைக்கல்லுக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் முற்றம் முழுக்கத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னைக் கூப்பிடவே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தம்பி மகள் நாலைந்து தடவை சின்னக் கதவருகே வந்து, "பெரியப்பா, டீ போட்டாச்சு, வாங்க" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். ஒரு தடவை தம்பியே வந்தான்.

"என்ன அண்ணே, மகாராணியோட சண்டையா, எங்களோட சண்டையா? ஆளையே காணோம்."

"ஒரு ரிம்மு அவசரமா கேட்டிருக்காங்க" என்றேன்.

"ரிம்ம கட்டிக்கிட்டு அழு. நாளைக்கு வரலன்னா டீயக் கொண்டுவந்து உன் தலையில ஊத்துவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டீக்குக் கூப்பிடுவது வேறு ஐயா, வேலைக்குக் கூப்பிடுவது வேறு. டீக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், என்ன பேசுவது என்று தெரியாது. கடப்பாரையோடு போனால் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்குகிறதா என்று தெரியவில்லை. சக்கரத்தை விளக்கின மாதிரி இதை என்னால் வரைந்து காட்ட முடியாது.

நான் விரும்பியது மூட்டைகள் சரிய வேண்டும் என்பது மட்டும்தான். வண்டி சாய்ந்துவிட்டால் ஜாக்கி வேண்டும், கடப்பாரை வேண்டும், இரும்புச் சட்டத்தை நிமிர்த்த ஆள் வேண்டும். ஹாரன் அடிப்பார்கள். நான் போவேன். "சின்னச் சக்கரம்னா இப்படித்தான் இருக்கும், ஒரு ஆள் கூடவே நின்னா நல்லது" என்று சொல்வேன். வண்டி சாய்கிற இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதையும் யோசித்தேன். இடது முன்மூலையில் நிற்கிறவன் உலகத்திலேயே ஒருவன்தான், அது நான். நான் இல்லையென்றால் அந்த இடம் காலி. இதில் என்ன பிழை என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன்.

அறுவடையின் முதல் நாள், காலை பத்து மணி இருக்கும். வண்டி வாசல் கதவுக்குள் நுழைந்தது. நாற்பது மூட்டை. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஸ்பிரிங் பட்டைகள் நேராகிக் கிடந்தன. சாணைக்கல்லை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். மாப்பிள்ளை எப்போதும்போல் நிதானமாக வந்தார். அப்போது சமையலறைப் பக்கமிருந்து தம்பி வெளியே வந்தான். முற்றத்தைக் குறுக்கே கடந்து கிடங்குச் சுவரோரமாக நடந்தான். என் பட்டறைக்கு வருகிற சின்னக் கதவு அந்தச் சுவரின் கோடியில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அவன் தெரிந்திருக்க மாட்டான், மூட்டைகள் மறைத்தன. எனக்குத் தெரிந்தான்.

வண்டி திரும்பத் தொடங்கியதிலிருந்து முழுதாக ஒடிகிற வரைக்கும் பதினொன்று எண்ணலாம். ஜன்னலிலிருந்து கத்தினால் கேட்கிற தூரம்தான். டிராக்டர் மெதுவாக ஓடும்போது நான் பேசுகிறதே கேட்கும். கத்தினால் மாப்பிள்ளை பிரேக் போட்டிருப்பார். வண்டி நின்றிருக்கும். என்ன மாமா என்று கேட்டிருப்பார், நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அப்புறம் அவ்வளவுதான், மறுபடி பழையபடி. அதை யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது. மரவண்டி எப்படிச் சாய்ந்ததோ அப்படியே சாய்ந்தது. அவசரமே இல்லை.

ஹாரன் கேட்டது. இரண்டு தடவையாக அடிக்கவில்லை, மாப்பிள்ளை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் ஜாக்கியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டும் கதவருகே தயாராக இருந்தன. முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். "மாமா", "பெரியப்பா" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "பட்டறைக்காரர் வந்துட்டாரு, தள்ளுங்க, அவருக்கு வழி விடுங்க" என்றார்கள். எங்கே ஜாக்கி கொடுப்பது, யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று நான் சொன்னேன். சொன்னபடி எல்லோரும் செய்தார்கள். ஆறு நிமிடத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டோம். தம்பி அதற்கு முன்பே போய்விட்டிருந்தான்.

அவன் பக்கத்தில் இரண்டு டம்ளர் கிடந்ததாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. இரண்டு எதற்கு என்று முந்தாநாள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. வெயிலில் அவனுக்குத் தாகம் அதிகமாக எடுக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கதவு இறுகினாலும் நான், பம்பு ஓடாவிட்டாலும் நான். மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டேன். "நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்று தம்பி மனைவி சொன்னாள். இதைச் சொல்லக் கூடாது என்று தெரியும், ஆனாலும் உள்ளபடி சொல்ல வந்திருக்கிறேன். அது நல்ல மாதம்.

போன வாரம் அறிக்கை வந்தது. தம்பி மகள் அதைப் படித்தாள். மாப்பிள்ளையைப் பற்றிய வரியைப் படித்து அழுதாள். பிறகு என்னைப் பற்றிய வரியைப் படித்தாள். என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல பெரியப்பா. வயசாச்சு, மறந்துட்டீங்க. யார் மேலயும் தப்பில்ல. இனிமே நீங்க பட்டறையத் திறக்க வேண்டாம். எதையும் தொட வேண்டாம். சும்மா இருங்க."

பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் பம்பு நின்றபோது வேறொரு மெக்கானிக் வந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒத்துங்க பெரியவரே" என்றான். வால்வைத் தலைகீழாக மாட்டினான். அவள் சும்மா இருக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு நாள் அப்படி இருந்து பார்த்தேன்.

மாப்பிள்ளைக்காகத்தான் இங்கே வந்தேன். அதை முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அறிக்கையைத் திருத்தும்போது மறதி என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டும். ஸ்டாப்பர் வைக்காதது மறதியால் அல்ல. எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும், என்ன பருமனில் வைக்க வேண்டும் என்று பத்து வருடமாக எனக்குத் தெரியும். வண்டியை அவர்கள் மறுபடி ஓட்டத்தான் போகிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேறு பட்டறையில் கொடுத்தாலும் செய்துவிடுவார்கள்.

அச்சை நேராக வைத்துவிட்டு, செங்கோணத்தில் பாதி அளவுக்கு இடது பக்கம் திருப்புங்கள். அந்த இடத்தில் தட்டின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். வலது பக்கமும் அதே அளவில் இன்னொன்று. கால் மணி நேர வேலை. வண்டி அந்த முற்றத்தில் ஒரே வீச்சில் திரும்பும், நாற்பது மூட்டையோடும் சாயாது. ஓட்டுகிறவர் ஒருவரே போதும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.